'இப்போது பணியிலுள்ளோர்': தானியக்கமும் ஊதிய ஏற்றத்தாழ்வும் – புதூர்நாட்டிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தானியங்கி இயந்திரங்களும் தொழிலக ரோபோக்களும் தொழிலாளரிடையே ஊதிய ஏற்றத்தாழ்வை வளர்க்கின்றனவா என்னும் வினா பெரும்பாலும் ஆலைக்குள் நின்றே கேட்கப்படுகிறது. இக்கட்டுரை அவ்வினாவை ஜவ்வாது மலையின் புதூர்நாட்டிலிருந்து கேட்கிறது. தானியம் குத்தும் உலக்கை, வடஆர்க்காட்டின் நீரிறைக்கும் மோட்டார், நூற்பாலை, வங்கிக் கணினி, வாகன ஆலையின் ரோபோ ஆகியவற்றை வரலாற்று வரிசையில் ஒப்பிடுகிறது. இந்தியாவில் இயந்திரமயமாக்கத்திற்கு இடப்பட்ட நிபந்தனைகள் 'இப்போது பணியிலுள்ளோர்' என்னும் எல்லைக்குள் வகுக்கப்பட்டன. தானியக்கத்தின் சுமை அவ்வெல்லைக்கு வெளியே நிற்போர் மீது இறங்கியது. ஊதிய ஏற்றத்தாழ்வின் பெரும்பகுதி அங்கேதான் உருவாகிறது என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: தானியக்கம், தொழிலக ரோபோ, ஊதிய ஏற்றத்தாழ்வு, ஒப்பந்தத் தொழிலாளர், ஜவ்வாது மலை, வடஆர்க்காடு, தொழில் சீரமைப்பு.

1. முன்னுரை

திருப்பத்தூரிலிருந்து மலைச்சாலையில் ஏறினால் புதூர்நாட்டை அடையலாம். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மூன்றும் திருப்பத்தூர் ஒன்றியத்தைச் சேர்ந்த மலை ஊராட்சிகள். இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்னும் மரபுக்கதையை உடைய இவர்கள், கேரளத்து மலையாள மொழியினரினின்றும் வேறானவர்கள். 1989 வரை வடஆர்க்காடு மாவட்டத்திலும், பின்னர் வேலூர் மாவட்டத்திலும் இருந்த இப்பகுதி, 2019 நவம்பர் 28 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் அடங்குகிறது.

பெருந்தொழிற்சாலை ஏதும் இல்லாத ஒரு மலைப்பகுதியை ரோபோ பற்றிய ஆய்வுக்குத் தொடக்கமாகக் கொள்வது வியப்பாகத் தோன்றலாம். அதற்குக் காரணம் உண்டு. ஊதிய ஏற்றத்தாழ்வு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பணிப்பதிவேட்டில் பெயர் உள்ளவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிடுகின்றன. திறன்மிக்கவருக்கும் திறன்குறைந்தவருக்கும், நிரந்தரத் தொழிலாளருக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இடையிலான ஊதிய வேறுபாடு அவ்வாறு அளக்கப்படுகிறது. அப்பதிவேட்டின் வாசலில் நிற்பவர், அதற்குள் நுழைய இயலாமல் வேறு கூலிக்குத் திரும்பிச் செல்பவர் ஆகியோர் அவ்வளவையில் இடம்பெறுவதில்லை. புதூர்நாடு போன்ற ஊர்களின் உழைப்பு, ஆண்டின் ஒரு பகுதியில் மலையிறங்கிச் சமவெளிக்கும் அண்டை மாநிலங்களுக்கும் செல்லும் உழைப்பு. எனவே இயந்திரம் ஒரு தொழிலின் வாசலை எவ்வாறு மாற்றுகிறது என்பதை இங்கிருந்து தெளிவாகக் காணலாம்.

இயந்திரத்தின் வருகை மட்டும் ஊதிய இடைவெளியைத் தீர்மானிக்கிறதா, அல்லது இயந்திரத்தை எதிர்கொண்ட சமூக உடன்பாடுகளின் எல்லை அதைத் தீர்மானிக்கிறதா என்பதே இக்கட்டுரையின் ஆய்வு வினா.

2. உலக்கையும் அரைவை இயந்திரமும்

ஜவ்வாது மலையின் முதன்மையான தானியம் சாமை. சாமை மணி மிகச் சிறியது. அதன் உமி இறுகப் பற்றியிருக்கும். உரலிலிட்டு உலக்கையால் குத்தி, முறத்தால் புடைத்து, மீண்டும் குத்தினால்தான் அரிசி கிடைக்கும். இவ்வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் பெண்கள். இதற்குக் கூலி இல்லை. ஆகவே ஊதியக் கணக்கு எதிலும் இவ்வுழைப்பு இடம்பெறவில்லை.

இவ்வேலையை இயந்திரம் ஏற்றால் என்ன நிகழும்? இதே மலையாளிப் பழங்குடியினர் வாழும் நாமக்கல் மாவட்டக் கொல்லிமலை ஒரு விடையைத் தருகிறது. அங்கு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியம் உமிநீக்கும் இயந்திரங்களை நிறுவி, அவற்றின் பொறுப்பைத் தன்னுதவிக் குழுக்களிடம் அளித்தது. குத்தும் சுமை குறைந்தது. உமிநீக்கிய தானியத்தை விற்கும் வாய்ப்பும் பிறந்தது. இயந்திரம் உழைப்பைப் பறித்ததுதான். ஆயினும் பறிக்கப்பட்டது கூலியற்ற உழைப்பு. இயந்திரம் இருந்ததோ அதனைப் பயன்படுத்துவோர் கையில். அதனால் அதன் பயனும் அவர்களையே சேர்ந்தது.

சமவெளியின் நெல் இதற்கு நேர்மாறான வரலாற்றைக் கொண்டது. நெல்லைக் கைக்குத்தலாக அரிசியாக்குதல் நிலமற்ற பெண்கள் பலருக்குக் கூலி வேலையாக இருந்தது. அரிசி ஆலைகள் பெருகியபோது அவ்வேலை மறைந்தது. ஆலையின் இயந்திரப் பணி ஆண்களிடம் சென்றது. களத்தில் நெல் காயவைத்தல் போன்ற குறைந்த கூலிப் பணிகள் பெண்களுக்கு எஞ்சின. 1934இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் கைக்குத்தல் அரிசியை வலியுறுத்தியதன் பின்னணியில் இக்கவலையும் இருந்தது. அச்சங்கத்தின் அமைப்பாளராக விளங்கியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. விடுதலைக்குப் பின்னர் 1958இல் இயற்றப்பட்ட அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டமும் கைக்குத்தலைக் காக்கும் நோக்கத்தை உட்கொண்டிருந்தது. எனினும் ஆலைகளின் பெருக்கத்தை அது தடுத்து நிறுத்தவில்லை.

ஒரே வகை இயந்திரம் ஓரிடத்தில் பெண்களின் சுமையை இறக்கியது. மற்றோரிடத்தில் அவர்களின் கூலியை இறக்கியது. இயந்திரம் எந்த உழைப்பை நீக்குகிறது, அது யாருடைய பொறுப்பில் இருக்கிறது, நீக்கப்பட்டவர்க்கு அடுத்த வேலை எது ஆகிய மூன்றுமே விளைவைப் பிரித்தன.

3. வடஆர்க்காட்டின் இரு ஆய்வுகள்

தொழில்நுட்பமும் ஏற்றத்தாழ்வும் பற்றிய உலக ஆய்வு வரலாற்றில் வடஆர்க்காடு ஓர் இன்றியமையாத பெயர். பசுமைப் புரட்சியின் விளைவை அறிய, கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1973-74இல் இம்மாவட்டத்தின் நெல் விளையும் ஊர்களை ஆராய்ந்தனர். பி.எச். ஃபார்மர் பதிப்பித்து 1977இல் வெளிவந்த நூல், புதிய விதைகளின் பரவல் எதிர்பார்த்ததை விடக் குறைவு என்றும், சிறு உழவருக்கும் தொழிலாளருக்கும் கிட்டிய பயனைப் பற்றி மிகுதியாக நம்ப இடமில்லை என்றும் காட்டியது. தலைப்பிலேயே 'பசுமைப் புரட்சி' என்னும் தொடருக்குப் பின் ஒரு வினாக்குறி இடப்பட்டிருந்தது.

ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதே களத்திற்குத் திரும்பின. பீட்டர் ஹேசலும் சி. இராமசாமியும் 1991இல் வெளியிட்ட முடிவுகள் வேறொரு காட்சியைத் தந்தன. இடைப்பட்ட காலத்தில் சிறு உழவர், நிலமற்ற தொழிலாளர் ஆகியோரின் உண்மை வருமானம் ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது.

முதலாய்வு தவறு, இரண்டாம் ஆய்வு சரி என்று இதனைச் சுருக்கிவிடுதல் பொருந்தாது. புதிய நுட்பத்தின் இழப்பு உடனே தெரிகிறது; அதனால் பிறக்கும் புதிய வேலைகள் வளரக் காலம் பிடிக்கிறது. மின்மோட்டார் கிணற்றில் பொருத்தப்பட்டபோது, மாடு பூட்டிக் கவலையில் நீரிறைத்த வேலை மறைந்தது. ஆனால் அந்நீரால் சாகுபடி பெருகியபோது நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகியவற்றுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒரு வேலையை நீக்கிய இயந்திரம் பல வேலைகளுக்கு வழிவிட்டது. பின்னாளில் வந்த நெல் அறுவடை இயந்திரத்திற்கு இத்தன்மை இல்லை. அது புதிய நீரையோ புதிய போகத்தையோ கொணரவில்லை. இருந்த வேலையை மட்டும் சுருக்கியது. ஓட்டுநர் ஒருவருக்கு நல்ல கூலி கிடைத்தது. அறுவடைக் கூட்டத்தினர் அவ்வேலையை இழந்தனர். இயந்திரம் என்னும் ஒரே சொல்லுக்குள் இருவேறு இயல்புகள் அடங்கியிருப்பதை இம்மாவட்டத்தின் வரலாறே காட்டுகிறது.

இவ்விரு ஆய்வுகளுக்கும் பொதுவான ஓர் எல்லையும் உண்டு. அவை நெல் விளையும் ஊர்களைப் பற்றியவை. சாமை விளையும் மலை அவற்றின் பொருளெல்லைக்குள் வரவில்லை. சமவெளிக் கிணற்றில் மோட்டார் ஓடியபோது மானாவாரி மலைநிலத்தின் விளைச்சல் அவ்வாறு உயரவில்லை. நீருள்ள நிலத்திற்கும் மழையை நம்பிய நிலத்திற்கும் இடையிலான இடைவெளி, மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான கூலி இடைவெளியாகவும் உருவெடுத்தது எனக் கொள்ளலாம். மலையிலிருந்து கூலிக்கு இறங்கும் பயணத்தின் பொருளியல் வேர் இதில் உள்ளது.

4. 1957ஆம் ஆண்டின் உடன்பாடும் அதன் எல்லையும்

ஆலைத்தொழிலில் இயந்திரத்திற்கு எதிரான அச்சம் இந்தியாவுக்குப் புதிதன்று. 1928இல் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளரின் நெடிய வேலைநிறுத்தத்திற்கு, குறைந்த ஆட்களைக் கொண்டு கூடுதல் தறிகளையும் கதிர்களையும் இயக்கும் திட்டம் ஒரு முதன்மைக் காரணம். அக்காலத் தொழிற்சங்கத்தார் 'ரேஷனலைசேஷன்' என்றே வழங்கிய இத்திட்டத்தை இக்கட்டுரை 'தொழில் சீரமைப்பு' எனக் குறிக்கிறது. சென்னையில் 1918 ஏப்ரல் 27 அன்று தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கமும், 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் விரைந்து பெருகிய கோவைப் பஞ்சாலைகளில் வளர்ந்த சங்கங்களும், ஆலைத் தொழிலாளரைத் தமிழகத்தில் ஒரு பேரம்பேசும் ஆற்றலாக்கின.

விடுதலைக்குப் பிறகு அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பினரும் இச்சிக்கலுக்கு ஒரு விடை கண்டனர். 1956இல் தொழில் தகராறுகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 9-ஏ பிரிவு, ஆட்குறைப்புக்கு இடந்தரக்கூடிய தொழில் சீரமைப்பைச் செய்யுமுன் தொழிலாளர்க்கு அறிவிப்பு அளிக்க வேண்டும் என்றது. 1957 ஜூலையில் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு சீரமைப்புக்கு நிபந்தனைகளை வகுத்தது. இப்போது பணியிலுள்ளோர்க்கு ஆட்குறைப்போ வருமான இழப்போ நேரக்கூடாது. சீரமைப்பின் பயன் சமூகம், முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பினர்க்கும் நியாயமாகப் பகிரப்பட வேண்டும். வேலைப்பளு இருதரப்பும் ஏற்ற வல்லுநரால் மதிப்பிடப்பட வேண்டும் என்பன அவற்றின் சாரம். இயந்திரத்தை மறுக்காமல் அதன் பயனில் பங்கு கோரியது என்ற வகையில் இது பெருமைக்குரிய ஆவணமே.

இவ்வுடன்பாட்டின் வரலாற்றுப் பொருள் அதன் எழுவாயில் உள்ளது. காக்கப்பட்டவர்கள் 'இப்போது பணியிலுள்ளோர்'. ஓய்வு, இறப்பு, பணிவிலகல் ஆகியவற்றால் ஏற்படும் காலியிடங்களை நிரப்பாமல் விடுவதற்குத் தடையில்லை. எனவே யாரையும் வெளியேற்றாமலேயே ஓர் ஆலை ஒரு தலைமுறைக்குள் தன் ஆட்களைக் குறைத்துக்கொள்ள முடியும். அன்று பணியில் இருந்த தொழிலாளி தன் ஊதியத்தோடு ஓய்வு பெறுவார். அவர் மகனுக்கும், அவ்வாலையை ஒருநாளும் எட்டாத மலையூர் இளைஞருக்கும் அவ்விடம் இராது.

இதே அமைப்பு அலுவலகத் தானியக்கத்திலும் திரும்ப வந்தது. 1960களில் காப்பீட்டு நிறுவனத்தில் கணினி நுழைந்தபோது ஊழியர் போராட்டங்கள் எழுந்தன. பொருளியல் அறிஞர் வி.எம். தாண்டேகர் தலைமையிலான தானியக்கக் குழு 1972இல் தன் அறிக்கையை அளித்தது. 1983இல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் கணினிமயம் பற்றி உடன்பாடு கண்டன. இயந்திரத்தை இயக்குவோர்க்குத் தனிப்படியும் கிடைத்தது. அமைப்புக்குள் இருந்தோர்க்குத் தானியக்கம் ஊதியத்தைக் குறைக்கவில்லை. சிலர்க்குக் கூட்டவும் செய்தது. வலிமையான சங்கம் இருந்த இடத்தில் இயந்திரத்தின் பயன் பகிரப்பட்டது என்பதற்கு இது சான்று. அப்பகிர்வு வாசலுக்கு அப்பால் செல்லவில்லை என்பதற்கும் இதுவே சான்று.

5. நூற்பாலையில் மாறிய தொழிலாளர்

எல்லைக்கு வெளியே நிகழ்ந்தது என்ன என்பதைத் தமிழக நூற்பாலைகள் காட்டுகின்றன. பழைய நூற்பாலையில் நிறைந்த கண்டுகளைக் கழற்றி வெறுங்கண்டுகளை மாட்டுதல், அறுந்த நூலை முடிச்சிடுதல், நூலைக் கூம்புகளில் சுற்றுதல் ஆகியவை பழகிய கைகள் செய்தவை. தானியங்கி நூல்சுற்று இயந்திரம் குறையுள்ள இழையைத் தானே கண்டறிந்து, வெட்டி, காற்றழுத்தத்தால் முடிச்சின்றி இணைக்கிறது. கண்டு கழற்றுவதற்கும் தானியங்கி அமைப்புகள் வந்துவிட்டன. கைத்திறனும் நெடுநாள் பழக்கமும் தேவைப்பட்ட பணி, குறுகிய காலத்தில் கற்கக்கூடிய கண்காணிப்புப் பணியாயிற்று.

இம்மாற்றத்தோடு தொழிலாளரும் மாறினர். 1990களுக்குப் பின் திண்டுக்கல், ஈரோடு, விருதுநகர் முதலான பகுதிகளில் பெருகிய ஆலைகள் பலவற்றில், நிரந்தர ஆண் தொழிலாளரின் இடத்தில் மணமாகாத இளம்பெண்கள் விடுதியில் தங்கிப் பணிபுரியும் முறை பரவியது. வறண்ட, பின்தங்கிய ஊர்களிலிருந்து அழைத்துவரப்பட்ட இவர்கள் ஆவணங்களில் 'பழகுநர்'. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் மொத்தத் தொகை வழங்கப்படும் என்னும் 'சுமங்கலித் திட்டம்' பற்றித் தொழிலாளர் ஆய்வுகளும் மனித உரிமை அறிக்கைகளும் விரிவாகப் பதிந்துள்ளன. ஒருவரது வேலையை எளிதாக்கிய இயந்திரம் அவ்வேலையின் பெயரையும் மாற்ற வாய்ப்பளித்தது. 'தொழிலாளி' என்பது 'பழகுநர்' ஆனபோது ஊதியமும் அதற்கேற்பத் தாழ்ந்தது. ஊதிய வீழ்ச்சியில் ஒரு பகுதி இயந்திரத்தின் செயல். மற்றொரு பகுதி பெயரின் செயல். இரண்டையும் பிரித்தறியாத ஆய்வு முழுப் பழியையும் இயந்திரத்தின் மேல் ஏற்றிவிடும்.

6. வாகன ஆலையும் ரோபோவும்

உலகின் முதல் தொழிலக ரோபோவான யூனிமேட் 1961இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் பணிக்கு வந்தது. 2023இல் உலகெங்கும் ஏறத்தாழ 5.41 இலட்சம் தொழிலக ரோபோக்கள் புதிதாக நிறுவப்பட்டதாகப் பன்னாட்டு ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்புக் கணக்கிட்டது. இந்தியாவில் அவ்வாண்டு நிறுவப்பட்டவை 8,510. மக்கள்தொகையை நோக்கச் சிறிய எண். ஆயினும் முந்தைய ஆண்டைவிட 59 விழுக்காடு மிகுதி. இவ்வளர்ச்சியில் வாகனத் தொழில் முன்னிற்கிறது.

தமிழகத்தில் இதன் களங்கள் இரண்டு. 1998இல் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கிய இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை நீளும் திருப்பெரும்புதூர் வட்டாரம் ஒன்று. ஓசூரிலிருந்து கிழக்கே பரவிவரும் கிருஷ்ணகிரி மாவட்டம் மற்றொன்று. திருப்பத்தூருக்கு அண்டை மாவட்டமான அங்கு, போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனம் 2021இல் மின்சார இருசக்கர வாகன ஆலையை நிறுவியபோது இரு அறிவிப்புகளை வெளியிட்டது: ஆலையில் 3,000 ரோபோக்கள் இயங்கும், முழு அளவை எட்டும்போது 10,000 பெண்கள் பணிபுரிவர். ரோபோவும் புதிய பெண் தொழிலாளரும் ஒரே ஆலையின் இரு தூண்களாக முன்வைக்கப்பட்டது கருதத்தக்கது. தானியக்கம் என்பது ஆளில்லா ஆலை என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்தவில்லை.

ஏன் பொருந்தவில்லை என்பதை ஆலையின் உள்ளமைப்பு விளக்கும். கார் ஆலையில் தகடுகளை அழுத்தி வடிவமைத்தல், உடற்பகுதியைப் பற்றவைத்தல், வண்ணம் பூசுதல், இறுதியாகப் பூட்டுதல் என நான்கு கட்டங்கள் உண்டு. ரோபோக்கள் செறிந்திருப்பது பற்றவைப்பிலும் வண்ணப்பூச்சிலும். கம்பித்தொகுதி, இருக்கை, உள்பகுதி ஆகியவற்றைப் பொருத்தும் இறுதிக்கட்டம் இன்னும் பெரிதும் மனிதக் கைகளையே நம்பியுள்ளது. நீக்கப்பட்டது வெல்டர், பெயின்டர் போன்றோரின் வேலை. ஆண்டுகள் பல பழகித் திறனும் நடுத்தர ஊதியமும் பெற்றவர்கள் இவர்கள். எஞ்சுவன இரண்டு: ரோபோவை நிரலிட்டுப் பழுதுபார்க்கும் சிலரின் உயர் ஊதியப் பணி, வரிசையில் நின்று பொருத்தும் பலரின், எளிதில் மாற்றத்தக்க பணி. ஏணியின் நடுப்படிகள் அகற்றப்பட்டால் கீழ்ப்படியில் நிற்பவர் மேலேற வழியில்லை.

கீழ்ப்படியின் தன்மையும் மாறியுள்ளது. நடுவண் அரசின் ஆண்டுத் தொழிலகக் கணக்கெடுப்பின்படி, 2000-01இல் பதிவுபெற்ற ஆலைத் தொழிலாளருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளர். 2022-23இல் ஐவரில் இருவர். ஆலைகளின் நிகர மதிப்புக் கூட்டலில் தொழிலாளர் ஊதியத்தின் பங்கு 1980களின் தொடக்கத்தில் சுமார் 30 விழுக்காடாக இருந்து, 2007-08 அளவில் சுமார் 10 விழுக்காடாகச் சரிந்தது; பின்னர் ஓரளவே மீண்டது. இச்சரிவு முழுவதையும் இயந்திரத்தின் விளைவாகக் கொள்ள முடியாது. ஒப்பந்தமுறை, சங்கங்களின் தளர்ச்சி, தொழில்களின் உட்கூறு மாற்றம் ஆகியவையும் அதில் கலந்துள்ளன. இவை தனித்தனி ஆறுகளாக ஓடவில்லை என்பதே இங்குக் கருத வேண்டியது. வேலையை எளிதாக்கும் இயந்திரம் தொழிலாளியை எளிதில் மாற்றத்தக்கவராக்குகிறது. அவ்வாறு மாற்றத்தக்கவரிடம் ஒப்பந்தமுறை எளிதில் செல்லுபடியாகிறது.

7. உலக ஆய்வுகளும் அவற்றின் பொருத்தமும்

மேலைநாட்டு ஆய்வுகள் இவ்விளைவை எண்களில் தந்துள்ளன. அமெரிக்காவில் ஆயிரம் தொழிலாளர்க்கு ஒரு ரோபோ கூடினால் ஊதியம் 0.42 விழுக்காடு குறைவதாக டேரன் அசெமோக்லுவும் பாஸ்குவால் ரெஸ்ட்ரெப்போவும் 2020இல் கணித்தனர். 2022இல் வெளிவந்த அவர்களின் மற்றோர் ஆய்வு, நாற்பதாண்டுகளில் அந்நாட்டின் ஊதிய அமைப்பில் ஏற்பட்ட மாற்றத்தின் 50 முதல் 70 விழுக்காட்டை, தானியக்கம் விரைந்த துறைகளில் வழமைப் பணிகளைச் செய்த பிரிவினரின் ஊதியச் சரிவால் விளக்க முடியும் என்றது. 17 நாடுகளை ஆராய்ந்த கிரேட்ஸ், மைக்கேல்ஸ் ஆகியோர் மொத்த வேலைவாய்ப்பில் பெரிய வீழ்ச்சியைக் காணவில்லை. குறைதிறன் தொழிலாளரின் பங்கு குறைந்ததையே கண்டனர். ஜெர்மனியிலோ ஆலைகளில் குறைந்த வேலைகளைச் சேவைத்துறை ஈடுசெய்தது. அங்கு ஏற்கெனவே பணியில் இருந்தோர் பெரும்பாலும் அதே நிறுவனத்தில் வேறு பணிக்கு மாறித் தொடர்ந்தனர். புதிய இளைஞர்களுக்கான ஆலை வேலைகளே குறைந்தன. 1957ஆம் ஆண்டின் நம் உடன்பாடு உருவாக்கிய அதே எல்லை வேறொரு நாட்டிலும் தோன்றியிருப்பது நோக்கத்தக்கது.

இவ்வெண்களை இந்தியாவுக்கு அப்படியே பெயர்த்தல் தவறாகும். இங்கு ரோபோக்களின் செறிவு குறைவு. தொழிலாளருள் மிகப்பெரும்பாலோர் அமைப்புசாராதவர். ஆலைக்குள் நுழையாதவரை ரோபோ ஆலையிலிருந்து வெளியேற்ற முடியாது. ஆகவே இந்தியச் சூழலில் தானியக்கத்தின் முதன்மை விளைவை வேலையிழப்பில் தேடுவதைவிட, நுழைவாயில் குறுகுவதில் தேடுவதே பொருத்தம். கூலி உழைப்பிலிருந்து நிலையான ஆலை ஊதியத்திற்கு ஒருவர் ஏறக்கூடிய வழிகள் குறையும்போது, ஏறாதவர்கள் கூலிச் சந்தையிலேயே தங்குகின்றனர். அங்கே போட்டி மிகுந்து கூலி தாழ்கிறது.

ஆர்தர் லூயிஸ் 1954இல் முன்வைத்த கோட்பாடு இவ்விடத்தில் பயன்படும். வேளாண்மையில் மிகையுழைப்பு இருக்கும்வரை நகரத் தொழிலின் ஊதியத்தை அவ்வேளாண்மையின் வாழ்நிலையே நிர்ணயிக்கும் என்றார் அவர். மலையில் ஒரு குடும்பத்தின் வருவாய் எவ்வளவோ, அதற்குச் சற்று மேலான கூலியே அவர்களை மலையிலிருந்து இறக்கப் போதுமானது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த தமிழகத் தொழிலாளர் 20 பேருள் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். செம்மரம் வெட்டும் கூலிக்கு உயிரைப் பணயம் வைக்கச் செய்தது எது என்னும் வினாவுக்கு, மலையின் கூலிக்கும் வெளிக்கூலிக்கும் இடையிலான தொலைவை விலக்கி விடை காண இயலாது.

8. எல்லையை விரித்த முயற்சிகள்

'இப்போது பணியிலுள்ளோர்' என்னும் எல்லையைத் தாண்டிச் சென்ற சட்டங்களும் நம் வரலாற்றில் உண்டு. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட நடுவண் விதிகள், நேரடித் தொழிலாளர் செய்யும் அதே வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்க்கு அதே ஊதியம் வேண்டும் என்றன. தமிழ்நாட்டில் 1981இல் இயற்றப்பட்ட நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம், 24 மாதங்களில் 480 நாள்கள் பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வழிசெய்தது. ஆனால் ஒப்பந்தமுறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே நிறுவனத்தின் ஊழியராகிவிட மாட்டார் என உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக அரசு ஊழியர்க்கும் உரியது என அதே நீதிமன்றம் 2016இல் கூறியது. சட்டத்தின் போக்கு முன்னும் பின்னுமாக அசைந்திருக்கிறது.

மலையை நேரடியாக எட்டியது 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம். ஒப்பந்தக்காரர் கூடாது; இயன்றவரை ஆட்களை நீக்கும் இயந்திரங்கள் கூடாது; ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என அது வகுத்தது. இயந்திரத்தை நிலையாக விலக்கிவைப்பது வளர்ச்சிக்கு வழியன்று என்னும் விமர்சனம் நியாயமானதே. எனினும் லூயிஸின் கோட்பாட்டின் வழி நோக்கினால் இச்சட்டத்தின் முதன்மைப் பணி வேறு: மலையிலேயே ஒரு கூலித்தளத்தை அமைத்து, அதற்குக் கீழான கூலிக்கு இறங்க மறுக்கும் ஆற்றலைத் தொழிலாளிக்கு அது தந்தது.

மற்றொரு வழி, ரோபோ அகற்றிய நடுப்படியைப் பயிற்சியால் மீண்டும் கட்டுவது. தமிழ்நாடு அரசு 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களைச் சுமார் 2,877 கோடி ரூபாய்ச் செலவில் 'தொழில் 4.0' தரத்திற்கு உயர்த்தும் திட்டத்தை மேற்கொண்டது. அதன் முதற்கட்ட மையங்கள் 2023இல் திறக்கப்பட்டன. தொழிலக ரோபோட்டிக்ஸ் இன்று பத்தாம் வகுப்புத் தேறியவர் ஐ.டி.ஐ.யில் கற்கக்கூடிய ஒரு பிரிவு. இத்திட்டத்தின் உண்மையான அளவுகோல் எத்தனை ரோபோக்கள் வகுப்பறையில் நிறுவப்பட்டன என்பதன்று. பயிற்சி முடித்தவர் ஆலையில் எந்தப் பெயரோடு நுழைகிறார் என்பதே. ரோபோவை இயக்கக் கற்ற மலையூர் இளைஞர் ஆண்டுக்கணக்கில் 'பழகுநர்' என்னும் பெயரிலேயே வரிசையில் நின்றால், நூற்பாலையின் வரலாறு மீண்டும் எழுதப்படும்.

9. முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, இயந்திரங்கள் ஊதியத்தின் மீது ஒரே வகையில் செயல்படவில்லை. நீர்மோட்டார் உழைப்பின் தேவையைப் பெருக்கியது. அறுவடை இயந்திரம் சுருக்கியது. ரோபோ நடுத்தரத் திறன்களை நீக்கி இரு முனைகளையும் விட்டுவைக்கிறது.

இரண்டாவது, இயந்திரத்தின் பயன் பகிரப்பட்ட இடங்களில் எல்லாம் அதனைப் பகிரச் செய்த ஓர் அமைப்பு இருந்தது. கொல்லிமலையில் தன்னுதவிக் குழு. வங்கியில் ஊழியர் சங்கம்.

மூன்றாவது, இவ்வமைப்புகளின் காப்பு உறுப்பினரளவில் நின்றது. 1957ஆம் ஆண்டு உடன்பாட்டின் அறம், பயனைப் பகிர்தல் என்பதில் இருந்தது. அதன் குறை, பகிர்வோரின் பட்டியலை அன்றே மூடியதில் இருந்தது. முத்தரப்பில் ஒன்றாகச் 'சமூகம்' குறிக்கப்பட்டும், அச்சமூகத்தின் பெயரால் பங்கு கேட்பவர் யார் என்பது வரையறுக்கப்படவில்லை.

ரோபோக்கள் பெருகிவரும் இக்காலத்தில் அவ்வுடன்பாட்டைப் புதுப்பிக்க முனைவோர் இவ்விடுபட்ட தரப்பிலிருந்து தொடங்குதல் வேண்டும். ஊதிய ஏற்றத்தாழ்வை ஆராய்வோர் ஆலையின் ஊதியப் பட்டியலோடு, அவ்வாலைக்கு ஆள் வரும் ஊர்களின் கூலியையும் சேர்த்துக் கணக்கிடுதல் வேண்டும். போச்சம்பள்ளியில் ஒரு ரோபோ பொருத்தப்படும்போது புதூர்நாட்டில் ஒரு நாள் கூலி ஏறியதா, இறங்கியதா, அசையாமல் நின்றதா என்பதை அளக்கும் களஆய்வு இனி நிகழவேண்டிய ஒன்று.